கையில் இருபது ரூபாய், கைவசம் இருபது நிமிடம்: சென்னையில் படிப்பவர்கள் எதில் மகிழ்கிறீர்கள்?

மேன்ஷன்_மூன்றாம்மாடி | ஞாயிறு, இரவு 10.40

எம்.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலையில் கல்லூரி, மதியத்துக்குப் பிறகு ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பகுதி நேர வேலை, அறைக்குத் திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். மூன்று பேருக்கு ஓர் அறை, ஒரே மின்விசிறி. வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக மாதம் அறுநூறு, எழுநூறு மிஞ்சும்.

சிக்கனமாக இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அதில் நானே வகுப்பெடுப்பேன். நான் கேட்பது வேறு. வாரக் கடைசியில் யோசித்துப் பார்த்தால் திங்களுக்கும் வியாழனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நாளுக்கு ஒன்று, சின்னதாக, ‘இன்றைக்கு இது நடந்தது’ என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது வேண்டும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மாமல்லபுரம் போ, ஏலகிரி போ என்பவர்கள் பஸ் கட்டணத்தையும் சேர்த்து அனுப்பவும். மெரினா பக்கத்தில்தானே என்பீர்கள். பக்கத்தில் இருப்பதாலேயே போவதில்லை. கைப்பேசியில் வீடியோ பார் என்பதும் வேண்டாம், அது எப்படியும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.


கந்தன்சாவடி_கண்ணாடி | ஞாயிறு, இரவு 10.52

மொட்டை மாடி இருக்கிறதா? பாயை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். முடிந்தது.


மேன்ஷன்_மூன்றாம்மாடி | ஞாயிறு, இரவு 10.55

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதற்கு முன்னால் உரிமையாளரின் பூட்டு இருக்கிறது.


பறக்கும்_ரயில்_பயணி | ஞாயிறு, இரவு 11.20

உங்கள் பேட்டையிலேயே பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறதே, அதில் ஏறுவதுண்டா? பெரும்பாலோர் அதை வேளச்சேரிக்குப் போகும் வண்டியாக மட்டுமே பார்க்கிறார்கள். எனக்கு அது ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் மொட்டை மாடி. உரிமையாளர் பூட்டுப் போட முடியாது.

திருவல்லிக்கேணியில் ஏறித் தெற்கே போகும் வண்டியில் கதவோரம் இல்லாமல் சன்னலோரம் உட்காருங்கள். பாதை முழுக்க வீடுகளின் இரண்டாம் மாடி உயரத்தில் போகிறது. கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோயில், மயிலை, மந்தைவெளி என்று வரிசையாக நிலையங்கள். இடையில் யாரோ துணி உலர்த்துவார், ஒரு பாட்டி வடகத்துக்குக் காவல் இருப்பார், ஒரு பையன் பட்டத்தோடு மல்லுக்கு நிற்பான். கீழே பக்கிங்காம் கால்வாய் வரும் இடங்களில் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பசுமைவழிச் சாலை தாண்டியதும் அடையாற்றைக் கடக்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே நான் ஏறுகிறேன். மாலை ஐந்தரை வாக்கில் ஆறு முழுவதும் செம்பு நிறமாக இருக்கும்.

அலுவலக நேரத்தில்கூட இந்தத் தடத்தில் தாம்பரம் வண்டி அளவுக்கு நெரிசல் இருக்காது. நிலையங்கள் இருட்டும் வெறிச்சோடலுமாக இருக்கும் என்பது உண்மைதான். அதனால் இரவு வண்டியைப் பரிந்துரைக்க மாட்டேன்.


நூலகப்பூனை | திங்கள், காலை 6.15

அந்த வண்டியிலேயே கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகம் நடக்கும் தூரம்தான். 2010-இல் திறந்த கட்டடம், குளிர்சாதன வசதி, கட்டணம் கிடையாது. சொந்தப் புத்தகத்தை எடுத்துவந்து படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களால் அது எப்போதும் நிரம்பி வழியும். அங்கே போகாதீர்கள். உங்கள் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனால் அது இன்னொரு வேலை நேரம். மேலே போய், உங்கள் பாடத்துக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத அடுக்கில் நில்லுங்கள். நான் தாவரவியல் படிப்பவள். அங்கே கட்டடக்கலைப் படப் புத்தகங்களைப் புரட்டுவேன். ஒரு பக்கம்கூடக் குறிப்பெடுக்க மாட்டேன், அதுதான் விதி.

எழும்பூர் பக்கம் போனால் கன்னிமாரா. இந்தியாவில் வெளியாகும் நூல்களில் ஒரு படி கட்டாயமாக வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. வாசிப்பு நடப்பது புதிய கட்டடத்தில். 1896-இல் திறந்த பழைய மண்டபத்தை எப்போதாவதுதான் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள். வண்ணக் கண்ணாடியும் மேற்கூரை வேலைப்பாடும் பார்த்தால் கழுத்து வலிக்கும். உலகப் புத்தக நாளை ஒட்டி விசாரித்துப் பாருங்கள். அதே வளாகத்தில்தான் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. செப்புத் திருமேனிகள் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து நின்றால், எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, ஆனாலும் நின்றுவிடுவேன்.


கசப்புக்காப்பி | திங்கள், காலை 9.05

மன்னிக்கவும், ஒரு மாற்றுக் கருத்து.

பணம் இல்லாதவனிடம் ஆற்றைப் பார், வானத்தைப் பார், வடகத்துக்குக் காவல் இருக்கும் பாட்டியைப் பார் என்று சொல்வது எனக்கு எப்போதும் ஒரு மாதிரியாகவே இருக்கிறது. இருப்பவன் தின்கிறான், இல்லாதவன் காற்று வாங்குகிறான். அதற்கு ‘சின்னச் சின்ன இன்பம்’ என்று பெயர் சூட்டிக்கொள்கிறோம். நானும் மாணவன்தான், வியாசர்பாடியிலிருந்து வருகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் காற்று வாங்கியாகிவிட்டது.

என் யோசனை இது. வாரம் முழுக்க இங்கே ஒரு டீ, அங்கே ஒரு பஜ்ஜி என்று சில்லறையாகக் கரைக்காதீர்கள். சேர்த்து வைத்து ஒருநாள் ஒரு சாப்பாடு. நீங்கள் இருப்பது திருவல்லிக்கேணி. ரத்னா கபேயில் உட்கார்ந்து, சாம்பாரில் இட்லி மிதக்க மிதக்கச் சாப்பிட்டு, மேலும் சாம்பார் கேட்டு வாங்கி, கடைசியில் காப்பியும் குடியுங்கள். விலைப்பட்டியலின் வலது பக்கத்தைப் பார்க்காமல் சாப்பிட வேண்டும், அதுதான் நிபந்தனை. அந்த ஒரு மணி நேரம் நீங்கள் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறு தராத நிம்மதி அது.


தயிர்சாதம்_மூன்றுரூபாய் | திங்கள், காலை 9.30

அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். சும்மா சொல்லிவைத்தேன்.


கசப்புக்காப்பி | திங்கள், காலை 9.34

அது பசிக்கு. அவர் கேட்டது மனத்துக்கு. இரண்டையும் கலக்காதீர்கள்.


பழைய_மேன்ஷன்வாசி | திங்கள், பகல் 1.10

தம்பி, உங்கள் மேன்ஷன் எந்தத் தெரு என்று கேட்க மாட்டேன். எண்பதுகளில் நானும் அந்தப் பேட்டையில்தான் குப்பை கொட்டினேன். வேலை தேடும் காலம், கையில் உங்களிடம் இருப்பதும் கிடையாது.

அன்று எங்கள் பொழுதுபோக்கு மூர் மார்க்கெட், சென்ட்ரல் பக்கத்தில் பழைய புத்தகங்கள் கிடைத்த சந்தை. வாங்குவது அபூர்வம், புரட்டுவது தினப்படி. 1985-இல் அது எரிந்தபோது சொந்த வீடு எரிந்தது போலத் துக்கம் விசாரித்துக்கொண்டோம். இப்போது பைகிராப்ட்ஸ் சாலையில், அதாவது பாரதி சாலையில், பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றனவே, அங்கே போவதுண்டா? பொறியியல் நோட்டுகளுக்கும் கணக்குப் பதிவியல் புத்தகங்களுக்கும் நடுவில் எதிர்பாராமல் ஒரு பழைய பயண நூல் அகப்படும். முதல் பக்கத்தில் ‘அன்புத் தங்கைக்கு, பிறந்தநாள் பரிசு’ என்று யாரோ எழுதிக் கையெழுத்திட்டிருப்பார். அந்தத் தங்கை ஏன் எடைக்குப் போட்டாள் என்று யோசித்துக்கொண்டே அறைக்கு நடப்பதற்கு விலை கிடையாது.

இப்போது மார்கழி வருகிறது. காலையில் கல்லூரிக்குப் போகும் வழியைக் கொஞ்சம் வளைத்து, பார்த்தசாரதி கோயிலின் மாடவீதிகள் வழியாகப் போய்ப் பாருங்கள். கோலங்கள் ஈரம் உலராமல் இருக்கும். ஆறரைக்குள் போனால் போட்டுக்கொண்டிருப்பவர்களையே பார்க்கலாம், ஏழரைக்கு மேல் போனால் ஸ்கூட்டர் சக்கரத் தடத்தைத்தான் பார்க்கலாம். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் கடைசியாக வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பக்கத்திலேயே இருந்துகொண்டு பார்க்காதவர்கள் உங்கள் மேன்ஷனில் குறைந்தது பாதிப் பேர் இருப்பார்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

அப்புறம் சபாக்கள். மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். காலையிலும் மதியத்திலும் பெரும்பாலான சபாக்களில் இலவசம், இளையவர்கள் பாடுவார்கள்.


மேன்ஷன்_மூன்றாம்மாடி | திங்கள், இரவு 9.15

ஐயா, கோல வழி நாளையே. எனக்கு அது கூடுதலாக ஐந்து நிமிடம்தான். பாரதியார் இல்லத்தைப் பொறுத்தவரை உங்கள் பந்தயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். சங்கீதம் மட்டும் எனக்குச் சுத்தமாகத் தெரியாது.


பழைய_மேன்ஷன்வாசி | திங்கள், இரவு 9.40

எனக்கு மட்டும் தெரியுமா? மதியம் ஒன்றரை மணிக்குக் குளிர்ந்த அரங்கில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ இருபது வயதுப் பெண் உயிரைக் கொடுத்துப் பாடும்போது கண்ணை மூடிக்கொண்டால், பக்கத்தில் இருப்பவர் நான் ராகத்தில் லயித்திருப்பதாக நினைத்துக்கொள்வார். நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் தம்பி, சில நாள் தூக்கம் வராமல் போய்விடும், பாட்டு அப்படி அமைந்துவிடும். அதற்கு ராகத்தின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

கேன்டீனில் மட்டும் ஜாக்கிரதை. வாசனையைப் பிடித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.


ஆய்வகக்_கண்ணாடிக்குடுவை | செவ்வாய், காலை 7.50

இழை முழுவதையும் படித்தேன். நன்றாக இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மொட்டை மாடியில் பாய் விரி, நடைபாதையில் நின்று புத்தகம் புரட்டு என்றெல்லாம் சொல்லும்போது அந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்துப் பாருங்கள். நான் தனியாக ஒரு பெஞ்சில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால், ‘யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்’ என்று கேட்க ஓர் ஆள் வந்துவிடுவார். மாலை ஏழு மணிக் கடற்கரை அண்ணன்மார்களுக்கு ஒன்று, எங்களுக்கு வேறொன்று. விடுதிக் கதவு எட்டரைக்கு மூடிவிடும் என்பது தனிக் கதை.

அதனால் எங்கள் இன்பங்கள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடித்தது பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை எல்லாரும் மிச்சப் பணமாகவே பேசுகிறார்கள். எனக்கு அது எங்கே இறங்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல் ஏறும் சுதந்திரம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யில் லஸ்ஸில் ஏறி, சில நாள் அடையாற்றில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போய்விடுவேன். இடம் கிடைத்தால் சன்னலோரம். நடத்துநருக்கு இப்போது என்னைத் தெரியும், ‘இன்றைக்கும் கடைசியா’ என்று மட்டும் கேட்பார்.

பெசன்ட் நகர் கடற்கரைக்கு நான் போவது விடியற்காலையில். அந்த நேரத்தில் நடைப்பயிற்சி மாமிகள் ஒரு படையாக இருப்பார்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மணலில் வெள்ளையாக நிற்கும் வளைவு கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம். நீரில் மூழ்கிய ஒருவரைக் காப்பாற்றப் போய் 1930-இல் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்குக் கட்டியது. அதன் நிழல் பக்கம் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த ரஸ்க் சாப்பிடுவேன்.

திரும்பும்போது கையில் இருப்பதைப் பொறுத்து ஒரு முழம் பூ. முகூர்த்த நாளில் மல்லி விலை கேட்டால் மயக்கம் வரும், அன்றைக்குக் கதம்பம். ஆய்வகத்தில் நாள் முழுக்க அமில வாடை. தலையைத் திருப்பும்போதெல்லாம் மருக்கொழுந்து மணந்தால் எனக்கு அந்த நாள் கடந்துவிடும்.

கசப்புக்காப்பிக்கு ஒரு வார்த்தை: நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சேர்த்துவைத்துச் சாப்பிடும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரும் வரை மற்ற ஆறு நாள் என்ன செய்வது? எனக்கு ஆறு நாள்தான் பிரச்சினை.


கசப்புக்காப்பி | செவ்வாய், காலை 8.30

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பூ வாங்குவதும் செலவுதான் என்பதை மட்டும் சபைக் குறிப்பில் பதிவு செய்கிறேன்.


பாஸ்_வைத்திருப்பவன் | செவ்வாய், காலை 8.45

ஆண்களுக்கு இலவசம் இல்லை, ஆனால் ஆயிரம் ரூபாய் மாதப் பாஸ் எடுத்தவர்களுக்கு அக்கா சொன்ன அதே சுதந்திரம் உண்டு. ஏசி பஸ் தவிர எதிலும் ஏறலாம். ஏற்கெனவே எடுத்திருந்தால் அலுவலகப் பாதைக்கு மட்டும் பயன்படுத்தி வீணாக்காதீர்கள்.


கந்தன்சாவடி_கண்ணாடி | செவ்வாய், காலை 9.02

டீயா, காப்பியா என்று இன்னும் யாரும் தொடங்கவில்லையே? கடை டீக்கு நிகர் இல்லை. காப்பி குடிப்பவர்கள் வீட்டில் குடிக்கட்டும்.

(இதற்குக் கீழே வந்த பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டன. சிக்கரி அளவு பற்றிய சண்டையை அங்கே தொடரவும். — நெறியாளர்)


ஆமைநடை | செவ்வாய், இரவு 11.50

குடுவை அக்கா எழுதியதைப் படித்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ராத்திரிக் கடற்கரை பெண்களுக்கு இல்லை என்கிறீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வார இறுதி இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, சுமார் ஏழு கிலோமீட்டர், ஒரு கூட்டமே நடந்து வருகிறது. அதில் பெண்கள் நிறைய. மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988-இலிருந்து இதைச் செய்கிறார்கள். பெயருக்கேற்ப மாணவர்கள் நடத்துவது. தொண்டர்கள் தினமும் நடப்பார்கள், வார இறுதியில் பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம்.

எங்கள் கரைக்கு முட்டையிட வருபவை பங்குனி ஆமைகள். தாய் நடு இரவில் ஊர்ந்து ஏறி, மணலில் குழி தோண்டி, நூற்றுக்கு முன்னே பின்னே முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். திரும்பிப் பார்க்காது. நாய்கள் தோண்டிவிடும் என்பதால் முட்டைகளை எடுத்துவந்து பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்துவைப்பார்கள். ஒன்றரை மாதம், கொஞ்சம் கூடக் குறைய. பொரித்துவரும் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் ஓடும் இயல்புடையவை. ஒரு காலத்தில் இரவில் வெளிச்சம் என்றால் கடல் மட்டும்தான். இப்போது சாலை விளக்கும் உணவகப் பலகையும் கடலைவிடப் பிரகாசமாக இருக்கின்றன, பாவம், அவை ஊருக்குள் ஓடப் பார்க்கின்றன. அதனால்தான் ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

பெரும்பாலான இரவுகளில் நீங்கள் ஆமையைப் பார்க்க மாட்டீர்கள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில இரவுகளில் இறந்து ஒதுங்கியவற்றைத்தான் பார்ப்பீர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின, இழுவை வலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாவதுதான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அந்தச் சீசனில் நடந்தவர்கள் அதை இன்பம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் போனார்கள். அறிமுகம் இல்லாத ஒருவரோடு இருட்டில் விடிகாலை வரை பேசிக்கொண்டே நடப்பது இந்த ஊரில் வேறெங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இரவு நடை முடியாதவர்களுக்கு, மார்ச், ஏப்ரல் மாதங்களில் மாலை வேளையில் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பெசன்ட் நகரில் பார்க்கலாம். உள்ளங்கை அளவுகூட இருக்காது.


கசப்புக்காப்பி | புதன், காலை 8.10

மணலில் ஏழு கிலோமீட்டர், தூக்கம் போச்சு, ஆமையும் வராது. இதைவிட என் இட்லி மேல்.


மேன்ஷன்_மூன்றாம்மாடி | புதன், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. கசப்புக்காப்பி சொன்னதை ஒதுக்கிவிட முடியவில்லை. ஊரில் அப்பாவும் இப்படித்தான், வயலில் நின்று ‘காற்று என்னமாய் வீசுகிறது’ என்பார். கடன்காரர் வந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, அதனால் கோலத்தையும் ஆற்றையும் வறுமைக்கு மருந்தாக யாராவது எழுதினால் நானும் சண்டைக்கு வருவேன். வாடகை குறைய வேண்டும், உதவித்தொகை நேரத்துக்கு வர வேண்டும். அதெல்லாம் வேறு இழை.

ஆனால் இன்று காலை வீதி வழியாகப் போனேன். ஒரு வீட்டு வாசலில் அம்மா புள்ளி வைக்க, பள்ளிச் சீருடையில் இருந்த பெண் இழுத்து இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிக்கு தப்பாகப் போய்விட்டது. இருவரும் சண்டை. நான் ஒதுங்கி நின்று பார்த்ததைக் கண்டுவிட்டு, ‘நீங்களே சொல்லுங்கள் அண்ணா, இங்கேதானே வளைய வேண்டும்’ என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமை அதனால் புதன்கிழமையாக இருந்தது.

ஞாயிறு மதியம் ரத்னா கபே. வலது பக்கம் பார்க்கப் போவதில்லை. ஜனவரியில் புத்தகக் காட்சிக்காக இருநூறு ரூபாய் தனியே எடுத்துவைத்திருக்கிறேன், பத்து சதவீதத் தள்ளுபடியில் எது கிடைக்கிறதோ அது.


நூலகப்பூனை | புதன், இரவு 9.55

இருநூறு ரூபாயை முதல் வரிசைக் கடைகளிலேயே செலவழித்துவிடாதீர்கள். ஒரு சுற்று முழுதாக நடந்து முடித்த பிறகுதான் பையைத் திறக்க வேண்டும்.


ஆய்வகக்_கண்ணாடிக்குடுவை | புதன், இரவு 10.20

ஆமைநடை, என் விடுதியில் வார இறுதிக்கு வெளியே தங்க அனுமதிக் கடிதம் கொடுத்தால் விடுவார்கள். நானும் இரண்டு தோழிகளும் வரலாமா? என்ன கொண்டுவர வேண்டும்?


ஆமைநடை | புதன், இரவு 10.31

தாராளமாக. தண்ணீர், கருமை நிற உடை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், கனமானதைப் போடாதீர்கள். டார்ச் வேண்டாம். கைப்பேசி வெளிச்சமும் வேண்டாம், முக்கியமாகப் படம் எடுக்க. தேதி அறிவித்ததும் இங்கே பதிகிறேன்.


தயிர்சாதம்_மூன்றுரூபாய் | புதன், இரவு 10.33

வழியில் டீக்கடை இருக்குமா?


ஆமைநடை | புதன், இரவு 10.36

மணலில் இல்லை. பெசன்ட் நகரில் விடிகாலையில் ஒன்று திறந்திருக்கும். சில்லறை கொண்டுவாருங்கள்.